கம்பத்தில் போட்ட கோடு

நான் கட்டியதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் கோபத்தில் அளக்கிறான் என்பீர்கள்.

கடலூர் முதுநகரில், ஐப்பசி மழைக்குக் கூடத்துக்குள் கெண்டைக்குஞ்சு நீந்தும் தெருவில், சொட்டுத் தண்ணீர் ஏறாத வீடு ஒன்று நிற்கிறது. அது என்னுடையது. சிதம்பரத்தில் சாலை போட்டுப் போட்டு உயர்ந்துபோய், வாசல் குழியாகிவிட்ட வீடுகளை இடிக்காமல் அப்படியே தூக்கி வைத்தேன். ஒரு தெருவில் வரிசையாக நிற்கும், போய்ப் பாருங்கள். கிள்ளையில் ஒரு ராவுத்தர் வீடு, உள்ளே அவர் தாயார் கட்டிலில் படுத்திருக்க, கட்டிலோடு சேர்த்துத் தூக்கினேன். அந்த அம்மா தூங்கி எழுந்து, எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டார்கள். புவனகிரியில் ஓர் அரிசி மண்டியையும் தூக்கினேன். என் மகளுக்கு நர்சிங் படிப்பு. என்னிடம் வேலை கற்று இன்று தனித்தனியாகத் தொழில் செய்கிற ஒரு கூட்டம். இத்தனையும் மங்கலம்பேட்டைப் பக்கம் மானாவாரி நிலத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சித்தாளாகக் கலவை சுமந்து கடலூருக்கு வந்தவன் செய்தது. என் காலத்தில் என் ஊர்க்காரன் எவனும் இதில் பாதி செய்ததில்லை. தெரிந்துதான் சொல்கிறேன்.

வீடு தூக்குவது தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைப் பறித்து, இரும்புப் பட்டை கொடுத்து, அதன் கீழே வரிசையாகத் திருகு ஜாக்கிகளை நிறுத்துவோம். ஜாக்கிக்கு ஓர் ஆள். நான் நடுவில் நின்று விசில் ஊதுவேன். ஒரு விசிலுக்கு எல்லாரும் கால் சுற்று திருக வேண்டும். அவ்வளவுதான். ஆசைப்பட்டு எவனாவது அரைச் சுற்று திருகினால் அந்த மூலையில் சுவர் வாயைப் பிளந்துவிடும். கால் சுற்று, நிறுத்து, பார், மறுபடியும் கால் சுற்று. வீடு ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. சாயங்காலம் வாசல்படியில் கால் வைக்கும்போதுதான் தெரியும்.

வேலை தொடங்கும்முன் என் முறை ஒன்று உண்டு. வீட்டுக்கார அம்மாவைப் பித்தளைச் செம்பில் விளிம்பு தட்டத் தண்ணீர் நிரப்பி நடுக்கூடத்தில் வைக்கச் சொல்வேன். பொறுப்பாளி நான் என்பதற்கு அடையாளமாக, முதலில் அந்த விளிம்பை நான் தொடுவேன். பிறகுதான் விசில். செம்புத் தண்ணீர் ததும்பிக் கீழே சிந்தினால் எனக்கு மேஸ்திரி என்ற பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். சொந்தமாகச் செம்பு இல்லாத வீடுகளுக்கு என் வீட்டுச் செம்பையே எடுத்துப்போவேன். என் மனைவி சீராகக் கொண்டுவந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு நசுங்கல் இருக்கும்.

இனி கோட்டுக்கு வருகிறேன்.

கெடிலம் கரையை மீறிய ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஜன்னல் வரைக்கும் வந்தது. வடிந்த பிறகு நான்கு சுவரிலும் காவி நிறத்தில் கறை. தெருவில் எல்லாரும் சுண்ணாம்பு அடித்து அதை மறைத்தார்கள். நான் மறைக்க விடவில்லை. அப்போது நான் கொத்தனார்தான், வீட்டைத் தூக்க முடியும் என்று கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனால் இந்தத் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே என் வீட்டுத் தரை வர வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படி என்று யோசிக்கவில்லை. வழி தெரிந்த பிறகுதான் ஆசைப்படுவேன் என்று உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் கலவைதான் சுமந்துகொண்டிருப்பேன்.

மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பினேன். எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். என் மனைவியின் தம்பி அப்போது எங்கள் வீட்டில் தங்கிப் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். அவனை டியூபின் ஒரு முனையோடு உள்ளே கறையருகில் நிறுத்தினேன். மறுமுனையை எடுத்துக்கொண்டு நான் தெருவுக்குப் போனேன். வாசலுக்கு எதிரே மின்கம்பம். கறையில் தண்ணீர் சரியாக நின்றதும் அவன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். நான் கம்பத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டேன்.

கம்பத்தில் ஏன் என்று அவன் அன்றைக்கே கேட்டான். சுவரில் போட்டால் வீடு ஏறும்போது கோடும் கூடவே ஏறிவிடும், எத்தனை தூக்கினாலும் கோடு அதே தூரத்தில்தான் நிற்கும் என்றேன். நம்மோடு நகராத ஒன்றில்தான் குறி வைக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெயிண்டு டப்பாவோடு நின்றபோது தானாக வந்தது. என் வாழ்க்கையில் எனக்குத் தோன்றியதிலேயே பெரிய யோசனை அதுதான்.

அந்தக் கோட்டை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத ஆள் தெருவில் இல்லை. மழை வந்தால், "என்னா மேஸ்திரி, ஒன் கோடு முழுவிடுச்சா, மெதக்குதா?" என்பார்கள். கம்பத்தில் விளம்பரம் எழுதினால் ஈபிக்காரன் பிடித்துப்போவான் என்று ஒருவர் பயமுறுத்தினார். நானோ பெயிண்டு மங்கினால் மேலே இன்னொரு பூச்சு பூசுவேன்.

பிறகு சிதம்பரத்தில் ஒரு வீட்டைத் தூக்க வடநாட்டிலிருந்து ஆட்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். கொத்தனார் கூலியை விட்டுவிட்டு அவர்களிடம் மண் சுமக்கச் சேர்ந்தேன். அவர்கள் மேஸ்திரிக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. கையாலேயே பேசிக்கொள்வோம். விசிலும் கால் சுற்றும் அவரிடம் கற்றவை. இன்றுவரை எந்த வீட்டில் வேலை செய்தாலும், கால் சுற்று எனக்கு ஒரு வடநாட்டு மேஸ்திரி கொடுத்தது என்று சொல்லிவிட்டுத்தான் விசிலை வாயில் வைப்பேன். அதைச் சொல்வதால் என் உயரத்தில் ஒரு விரற்கடையும் குறைந்துவிடவில்லை. செம்பும் கோடும் என்னுடையவை. அதையும் சேர்த்தே சொல்வேன்.

டியூப் பிடித்த அந்த மச்சான் படிப்பில் அரியர் வைத்து, சும்மா திரிந்துகொண்டிருந்தான். அவனை வேலைக்குள் இழுத்தவன் நான். முதல் நாள் ஜாக்கியைத் தலைகீழாக நிறுத்தினான். சிரித்துக்கொண்டே திருப்பி வைத்தேன். பல வருஷம் என் வலது கையாக இருந்தான், அதை மறைக்க மாட்டேன். அடுத்தவர் வீடுகளையெல்லாம் தூக்கிவிட்டுக் கடைசியாகத்தான் என் வீட்டைத் தூக்கினேன். அன்று என் மனைவி நடுக்கூடத்தில் அந்த நசுங்கிய செம்பை வைத்தாள். வாசலில் நின்று கம்பத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவன் மச்சான்தான். கடைசிக் கால் சுற்றுக்கு, "வந்துடுச்சி மாமா, கோட்டத் தாண்டிடுச்சி" என்று அழுதான். நான் அழவில்லை. தெருக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு அவன் தனியாகத் தொழில் வைத்தான். அதற்கு நான் வருத்தப்படவில்லை. என் ஜாக்கிகளில் நல்லதாகப் பார்த்துப் பாதியை அவன் வண்டியில் ஏற்றிவிட்டேன். அவனுக்குப் பேச்சு வரும். சங்கத்தில் பேசினான், வங்கிக் கூட்டத்தில் பேசினான், பிறகு கல்லூரிகளில் கூப்பிட ஆரம்பித்தார்கள். நினைத்ததை அடைவது எப்படி என்பதுதான் அவன் பேச்சு. அதற்கு இப்போது 'கோல் செட்டிங்' என்று பெயராம். நான் ஒருமுறையும் போய்க் கேட்டதில்லை. நம் வீட்டுப் பிள்ளை மைக் பிடிக்கிறான் என்று டீக்கடையில் மார்தட்டிக்கொண்டதோடு சரி.

போன மாசியில் போன் செய்தான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பெரிய கூட்டம், மாமா கட்டாயம் வர வேண்டும், முதல் வரிசையில் இடம் போட்டிருக்கிறேன் என்றான். முதல் வரிசை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போடுவான், இரண்டு வார்த்தை பேசச் சொல்வான். பேருந்தில் போகும்போதே அந்த இரண்டு வார்த்தையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மச்சானைப் பற்றி நல்லதாகவே சொல்ல வைத்திருந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. புறப்படும்போது என் மனைவி ஏனோ முகம் கொடுத்துப் பேசவில்லை. கால் வலி என்று கூட வரவும் இல்லை.

அரங்கம் நிறையப் பிள்ளைகள். மேடையில் ஒரு சின்ன மேசை. அதன் மேல் பித்தளைச் செம்பு. விளிம்பு தட்டத் தண்ணீர். கழுத்துக்குக் கீழே நசுங்கல்.

என் வீட்டுச் செம்பு.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எனக்குத் தெரியாமல் அக்காவிடம் வாங்கி வந்திருக்கிறான், மாமனை ஆச்சரியப்படுத்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன். செம்பு வைத்தால் விளிம்பைத் தொடவேண்டியவன் பொறுப்பாளி. என்னிடம் வேலை கற்ற எல்லாருக்கும் அது தெரியும். வேறு எதற்காக அதை அங்கே வைப்பான்?

மச்சான் கோட்டும் சூட்டுமாக வந்து மைக்கைப் பிடித்தான். செம்பைக் காட்டி, இதைத் தொட இப்போது ஒருவர் மேடைக்கு வர வேண்டும் என்றான். நான் எழுந்துவிட்டேன். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டு மேடைப் படியில் ஒரு காலும் வைத்துவிட்டேன். அவன் பின்வரிசையில் இருந்து ஒரு மாணவியைக் கூப்பிட்டான். பேட்ஜ் குத்திய ஒரு தம்பி ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து, "பாத்ரூம் அந்தப் பக்கம் ஐயா" என்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மச்சான் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான்.

அவன் சொன்ன கதையைச் சொல்கிறேன். வெள்ளம் வந்ததாம். அவன் வீட்டுச் சுவரில் கறை படிந்ததாம். அவன் அந்தச் சுவரில் கோடு போட்டானாம். செம்பு அவன் கண்டுபிடித்ததாம். கால் சுற்றும் அவனுடையதாம். வடநாட்டு மேஸ்திரி கதையிலேயே இல்லை. நானாவது இருந்தேன். எப்படி இருந்தேன் என்றால், அவனுடைய சொந்தக்காரர் ஒருவர், வயதானவர், எதற்கெடுத்தாலும் பயப்படுபவர். கிள்ளையில் ஒரு வீட்டைத் தூக்கப் போகும்போது அந்த மனிதர் இவன் கையைப் பிடித்து, நம்மால் ஆகாது என்று தடுத்தாராம். அதைச் சொல்லும்போது முதுகை வளைத்து, வாயைக் கோணி, என் குரலிலேயே பேசிக் காட்டினான். "வேணாம்டா, நம்பளால ஆவாதுடா." பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்த பேராசிரியர் என் பக்கம் திரும்பி, எல்லா வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார் இல்லையா ஐயா என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

கிள்ளையில் நடந்தது இதுதான். அந்த ராவுத்தர் வீட்டைத் தூக்கக் கார்த்திகையில் போனோம். மழை பெய்து பெய்து மண் சேறாகக் கிடந்தது. பிச்சாவரத்துத் தண்ணீர் பக்கத்தில் இருக்கிற பூமி, ஜாக்கியை நிறுத்தினால் ஜாக்கிதான் கீழே போகும், வீடு மேலே வராது. இப்போது வேண்டாம், மாசியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். மாசியில் போனோம். தூக்கினோம். விசில் என் வாயில் இருந்தது. கட்டிலோடு தூங்கிய அந்த அம்மாவைத்தான் மேலே சொன்னேன். ஆகாது என்ற வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. எப்போது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்ததால்தான் என் கையில் ஒரு வீடும் விழவில்லை. அந்த 'இப்போது வேண்டாம்' என்பதில் 'இப்போது' என்ற சொல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை வைத்து என்னைக் கோழையாக்கிவிட்டான்.

கூட்டம் முடிந்ததும் அவனுக்குத்தான் பொன்னாடை போட்டார்கள். கார் நிற்கிற இடத்தில் ஒரு வேப்பமரத்தடியில் என்னிடம் வந்தான். தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து எனக்குப் போட வந்தான். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"கோவமா மாமா? ஒரு கதைன்னா அதுல தடுக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். இல்லன்னா பசங்க போனை நோண்ட ஆரம்பிச்சுடுவாங்க."

"அதுக்கு நான்தான் கெடைச்சனா மச்சான்?"

"ஒங்க பேர நான் சொல்லவே இல்லியே மாமா."

"அதத்தான்டா நானும் கேக்கறன்."

அவனுக்கு அது உறைக்கவில்லை. அல்லது உறைக்காததுபோல நின்றான். நான் கோட்டைப் பற்றிக் கேட்டேன். கம்பத்தில் போட்டதைச் சுவரில் போட்டதாக ஏன் சொன்னாய் என்றேன்.

"செவுருன்னா சட்டுனு புரியும் மாமா. கம்பம், டியூப்பு, மட்டம்னு போனா விளக்கறதுக்கே நேரம் ஜாஸ்தியாவும்."

"செவுத்துல போட்டா வீட்டோட கோடும் ஏறுண்டா. நீ சொன்னதக் கேட்டுட்டு அந்தப் புள்ளைங்க போயி செவுத்துல கோடு போடும். ஆயுசுக்கும் எட்டாது."

"யாரு மாமா இங்க வீடு தூக்கப் போறாங்க? எல்லாம் ஒரு உதாரணந்தான்" என்று சிரித்தான்.

என் ஆயுசு அவனுக்கு ஓர் உதாரணம். நான் பேருந்துக்கு நடந்தேன். காரில் விடுகிறேன் என்று கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி வரும் வழியெல்லாம் நான் தூக்கிய வீடுகள் வந்துகொண்டே இருந்தன. வழக்கமாகப் பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டிக்கொண்டு வருவேன், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அன்று காட்டவில்லை. நான்தான் தூக்கினேன் என்று சொன்னால், அவர் நம்புவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் செம்பைக் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, தம்பி கேட்டான், கொடுத்தேன் என்றாள். எதற்கென்று தெரியுமா என்றேன். தெரியும் என்றாள். முன்பு வேறொரு கூட்டத்தில் அவன் பேசிய வீடியோவைப் போனில் அவளுக்கு எப்போதோ அனுப்பியிருக்கிறான். முதுகை வளைத்துக் காட்டியதுவரை பார்த்திருக்கிறாள்.

"எனக்கு ஏன் காட்டல?"

"காட்னா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னுதான். அவனும் பொழைக்கணும் இல்லீங்க. பேச்சுதானே, வீட்டையா தூக்கிட்டுப் போயிட்டான்?"

அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பிக்காரன் செய்ததாவது ஊரில் நடக்கிறதுதான் என்று விட்டுவிடலாம். என் வீடு கோட்டைத் தாண்டிய அன்று நடுக்கூடத்தில் செம்பு வைத்த கை இது. அந்தக் கையே எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவளிடம் இதைச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்து மூடிவைத்தாள். மறுநாள் காலையில் தம்பிக்குப் போன் செய்து செம்பைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள். ஆள் மூலம் கொடுத்தனுப்பினான். புளி போட்டுத் துலக்கி அலமாரியில் அவளே வைத்தாள். அதற்குப் பிறகு அவளிடம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது விஷயம் இதுதான். வரும் மாதம் கடலூரிலேயே, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவனுக்குக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். என் தெருக்காரர்கள் போவார்கள். கம்பத்துக் கோட்டை வைத்து என்னைக் கிண்டல் செய்தவர்கள், என் வீடு ஏறியதைப் பார்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு நடந்தது தெரியாது. மேடையில் அவன் சொல்வதுதான் இனி நடந்தது. பெரியவர்களும் இரண்டு தடவை கேட்டால் அப்படித்தான் போலிருக்கிறது என்று ஆகிவிடுவார்கள். நான் செத்த பிறகு அந்தக் கோடு அவன் போட்டதாகவே நிற்கும், முதுகை வளைத்துப் பயந்து நின்ற கிழவனாக நான் நிற்பேன். என் பேத்தி ஒருநாள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, அவன் நடித்துக் காட்டும் என்னைப் பார்த்து, நான் என்று தெரியாமலேயே சிரிப்பாள்.

போன வாரம் அக்காவிடம் மறுபடியும் செம்பைக் கேட்டிருக்கிறான். வேறு செம்பு வைத்துப் பார்த்தானாம், சரியாக வரவில்லையாம். நசுங்கல் இருந்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வருகிறதாம். மாமாவைக் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டாள். அவன் இன்னும் என்னைக் கேட்கவில்லை.

மச்சான், இதைப் படித்து உனக்கு யாராவது சொல்வார்கள். செம்பு அலமாரியில்தான் இருக்கிறது, தாராளமாக வந்து எடுத்துக்கொண்டு போ. எனக்குப் பொன்னாடை வேண்டாம், முதல் வரிசை நாற்காலியும் வேண்டாம், பின்னால் நின்றுகொள்கிறேன். அக்கா வீட்டில் இருந்தபோது டியூபின் ஒரு முனையைப் பிடித்தது நீ, அதைப் பெருமையாகவே சொல். கால் சுற்று வடநாட்டு மேஸ்திரி கொடுத்தது என்றும் சொல். கிள்ளையில் நான் சொன்னது 'இப்போது வேண்டாம்' என்பதை, அந்த 'இப்போது' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல். அப்புறம் மைக்கைக் கீழே வைக்காமல், என் தெருக்காரர்கள் முகத்தைப் பார்த்து, செம்பைத் தொடுவதற்கு முன்னால், கம்பத்தில் கோடு போட்டது என் மாமா என்று சொல்.